சிவப்பு மையில் அடித்த மூன்று வரிகள்

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து மூன்று வாரம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் விடுதிச் சாப்பாட்டோடு இன்னும் சமாதானம் ஆகவில்லை. உன் முதுகு வலி குறைந்ததா, அம்மா முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாளா என்று எழுது.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் போடுகிறான் என்று நினைப்பாய். எங்கள் மேடத்தின் உத்தரவு. நர்சிங் படிக்க வந்தால் முதலில் ஊசி போடத்தான் சொல்லித் தருவார்கள் என்று நினைத்தேன். இங்கே முதல் பாடமே எழுதுவதுதான். ஒவ்வொருவரும் வீட்டில் ஒருவருக்கு மாதம் ஒரு கடிதமாவது கையால் எழுத வேண்டுமாம். அம்மாவுக்கு எழுதினால் எப்படியும் நீதான் படித்துக் காட்ட வேண்டும், அதனால் நேரே உனக்கே எழுதுகிறேன்.

பாடத்தின் பெயர் தன்னாய்வுக் கட்டுரை. வார்டில் ஒரு நாள் நின்றுவிட்டு வந்து, நடந்ததையும் அதில் நான் கற்றதையும் எழுத வேண்டும். இவ்வளவுதானா என்று உட்கார்ந்தேன். ஒரு பெரியவருக்குத் தண்ணீர் ஜாடியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டார்கள். மதியம் வரை அவர் வாய் உலர்ந்து கிடந்தார். ஜாடியை வைத்த நர்ஸ் எப்படிப்பட்டவர், அவரை மேற்பார்வை செய்யாத தலைமை நர்ஸ் எப்படிப்பட்டவர் என்று நாலு பக்கம் கிழி கிழி என்று கிழித்து எழுதினேன். நூற்றுக்கு முப்பத்திநாலு. ஓரத்தில் சிவப்பு மையில், "எல்லாரும் இருக்கிறார்கள். நீ எங்கே?" என்று எழுதியிருந்தார். பருவத்துக்குள் ஐம்பது எடுக்காவிட்டால் அடுத்த பருவம் வார்டுக்குள் விடமாட்டார்கள். எனக்கு இன்னும் புரியவில்லை. ஜாடியை நானா வைத்தேன்?

அம்மாவிடம் மார்க்கைச் சொல்லாதே.

உன்
சின்னவன்

ஆகஸ்ட் 26

சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. அம்மா முட்டியைத் தவிர வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நீ இளைத்திருப்பாய் என்று அவளே முடிவு செய்துவிட்டு தினம் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

முப்பத்திநாலை நான் சொல்லவில்லை. ஆனால் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது அந்த இடத்தில் நான் இருமியதை அம்மா கவனித்துவிட்டாள்.

உன் மேடம் எங்கள் சலவை ஆலைக்கு வந்தால் நல்ல மார்க் போடுவாள். இங்கே எல்லாரும் எந்நேரமும் தன்னைப் பற்றியேதான் பேசுகிறார்கள். என்னோடு உருளை மெஷினில் நிற்பவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறோம். காலையில் மெஷினை முடுக்கும்போது திறக்கிற வாயை சாயங்காலம் மெஷினோடுதான் அணைப்பாள். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. ஆஸ்பத்திரி விரிப்புகள் ஈரத்தோடு வரும், இரண்டு பேரும் நீட்டி விட்டால் கொதிக்கிற உருளை இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் காய்ந்து மடிப்பில்லாமல் தள்ளும். உன் பெரியவர் படுத்திருந்த விரிப்பு எங்கள் கை பட்டதாகக்கூட இருக்கலாம்.

உருளைக்கு முன்னால் ஒரு காப்புக் கம்பி உண்டு. கை தெரியாமல் உள்ளே போனால் அந்தக் கம்பியில் தட்டும், மெஷின் நின்றுவிடும். விரிப்பு தட்டினாலும் மெஷின் நிற்கிறதென்று ஏப்ரலில் சூப்பர்வைசர் அதை ஒரு துணிக் கிழிசலால் மேலே தூக்கிக் கட்டச் சொல்லிவிட்டார். வேலை ஓடுகிறது. அதை அவிழ்க்கச் சொல்லிப் போன வாரம் போய்க் கேட்டேன். "பாத்துக்கலாம்மா, நீ கையப் பாத்து வேல செய்" என்றார். மறுபடியும் கேட்பேன். நான் விடுகிற ஆளா?

ஜாடியை நீ வைக்கவில்லைதான். ஆனால் மதியம் வரை நீயும் அங்கேதானே நின்றாய்?

பிரியமுள்ள
அக்கா

செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எழுபத்தொன்று. இதை அம்மாவிடம் உரக்கவே சொல்.

உன் கடைசி வரிதான் கண்ணைத் திறந்தது. மேடம் கேட்டதையே நீயும் கேட்டிருக்கிறாய். சூட்சுமம் இப்போது பிடிபட்டுவிட்டது. நாலே கேள்வி: என்ன நடந்தது, எனக்கு என்ன தோன்றியது, நான் வேறு என்ன செய்திருக்கலாம், இனி என்ன செய்வேன். அடுத்தவரைக் குறை சொல்கிற வரி எங்கே வந்தாலும் சிவப்பு மையால் அடித்துவிட்டு அந்த இடத்தில் 'நான்' என்று ஆரம்பிக்க வேண்டும். "ஜாடியை நான் பார்த்தேன். நகர்த்துவது என் வேலை இல்லை என்று நினைத்தேன்." இப்படி எழுதினேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது, எழுதி முடித்ததும் பெரிய ஆளாகிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்தவரைச் சுட்டுகிற எழுத்தில் வளர்ச்சி இல்லை என்கிறார் மேடம்.

பக்கத்து அறைப் பையன்கள் இப்போது என்னிடம்தான் திருத்திக்கொள்கிறார்கள். சிவப்புப் பேனா ஒன்று தனியாக வாங்கிவிட்டேன்.

உங்கள் மெஷின் கதை சுவாரசியமாக இருந்தது. ரேடியோ அக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன்
சின்னவன்

செப்டம்பர் 29

சின்னவனுக்கு,

அக்கா சொல்லச் சொல்ல ரேடியோ எழுதுகிறாள். எழுத்து வேறாக இருக்கிறதென்று பதறாதே. வலது கையில் கொஞ்சம் சூடு பட்டுவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா?

இருபத்திநாலாம் தேதி உருளையில் பட்டது. அதைப் பற்றி இப்போது அதிகம் சொல்ல வேண்டாம், ரேடியோ எழுதாமல் அழுகிறாள்.

மேனேஜர் வீட்டுக்கே வந்தார். பழங்கள் வாங்கி வந்தார். "நடந்தத உங்க வார்த்தையிலயே எழுதிக் குடுங்கம்மா, தலைமை ஆபீசுக்கு அனுப்பணும்" என்றார். அதைப் பார்த்துத்தான் என்னை வேலையில் வைத்துக்கொள்வதா, சிகிச்சையை ஆலை ஏற்பதா என்று முடிவு செய்வார்களாம். அடுத்த பத்தாம் தேதிக்குள் வேண்டும்.

எனக்குத் தெரிந்த மாதிரி ஒரு பக்கம் சொல்லி, ரேடியோ எழுதியிருக்கிறாள். இதோடு வைத்திருக்கிறேன். நாங்கள் எழுதினால் சண்டை போடுகிற மாதிரி வருகிறது. நீ எழுதப் படிக்கிறவன். பார்த்துத் திருத்தி உடனே அனுப்பு. ஒரு முழு வாழ்க்கை இந்த ஒரு தாளில் இருக்கிறது, தம்பி.

அக்கா

(எழுதியது ரேடியோ. அவள் உன்னிடம் சொல்லாதது நிறைய இருக்கிறது. சொன்னால் என்னைக் கொன்றுவிடுவாள். ஒரு நடை வந்துவிட்டுப் போ.)

அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சூடு ஆறிவருகிறதா? குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் வைத்திருக்க வேண்டும், போன வாரம்தான் பாடத்தில் வந்தது. கொப்புளத்தை உடைக்காதே. வரத்தான் ஆசை, பதினெட்டாம் தேதி பருவத் தேர்வு. முடிந்ததும் பார்க்கிறேன்.

தாளைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். நீ கோபத்தில் சொல்லி ரேடியோ அக்கா கோபத்தில் எழுதியிருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரிகிறது. இது அப்படியே என் முதல் கட்டுரை. முப்பத்திநாலு மார்க் கட்டுரை.

நடுவில் மூன்று வரி அடித்திருக்கிறேன். "காப்புக் கம்பி ஐந்து மாதமாகத் துணியால் கட்டியிருந்தது. கட்டச் சொன்னவர் சூப்பர்வைசர். அவிழ்க்கச் சொல்லி நான் இரண்டு தடவை கேட்டேன்." இதெல்லாம் அடுத்தவரைப் பற்றியது அக்கா. படிக்கிறவர் முதல் வரியிலேயே முகம் சுளித்துவிடுவார். ஓரத்தில் எழுதியிருக்கிறேன் பார்: 'இது தேவையில்லை. உன் பங்கு என்ன?'

அந்த இடத்தில் நான் சேர்த்தது இது: "ஆபத்து இருப்பதை நான் அறிந்திருந்தும் தொடர்ந்து வேலை செய்தேன். அன்று என் கவனம் பேச்சில் இருந்தது. நான் இன்னும் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். இனி என் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு என்பதைக் கற்றுக்கொண்டேன்." தன்னையே இப்படித் திறந்து காட்டுகிற ஆளை எந்த மேனேஜரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார். நம்பிக் கொடு.

இந்த ஒரு பக்கத்தை எங்கள் வகுப்பில் கொடுத்திருந்தால் எண்பதுக்குக் குறையாது.

உன்
சின்னவன்

அக்டோபர் 27

சின்னவனுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். அம்மா சுகம்.

நீ சொன்னபடியே ரேடியோ வேறு தாளில் சுத்தமாக எழுதினாள். "அன்று என் கவனம் பேச்சில் இருந்தது என்று போட்டிருக்கானே, அப்படியா இருந்துச்சு?" என்று கேட்டாள். அன்று இரண்டு பேருமே பேசவில்லை. மெஷின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள், பேச மூச்சு இல்லை. விஷயம் தெரியாமல் நீ எழுத மாட்டாய் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்தும் இடது கைதான்.

மேனேஜர் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "இவ்வளவு நேர்மையா யாரும் எழுதினதில்லம்மா" என்றார். சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. உடனே நாலு பிரதி எடுக்கச் சொன்னார்.

பரீட்சை எப்படி எழுதினாய்? சளி பிடித்திருந்தால் கஷாயம் போட்டுக் குடி.

அக்கா

டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நவம்பரில் போட்ட கடிதத்துக்குப் பதிலே இல்லை. கை முழுக்க ஆறியிருக்கும். வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாயா? போனில் கேட்டால் அம்மா, "நல்லாத்தான் இருக்கா, நீ படி" என்று வைத்துவிடுகிறாள்.

ஒரு நல்ல செய்தி. கடைசிக் கட்டுரைக்கு 'என்னை மாற்றிய ஒரு நிகழ்வு' என்று தலைப்புக் கொடுத்தார்கள். உன் விபத்தை எழுதினேன். எண்பத்தெட்டு. மேடம் வகுப்பில் வாசித்துக் காட்டினார், இரண்டு பேர் அழுதார்கள். பல்கலைக்கழக இதழில் போடப்போகிறார்கள். இதோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். முக்கியமாக மூன்றாம் பத்தியைப் படி: "அந்த விரல்களின் வேதனை என் விரல்களில் இறங்கியது. அவள் தன் தவறை ஏற்றுக்கொண்ட விதத்தில் நான் பணிவைக் கற்றேன்."

விடுமுறையில் அந்த இதழ் வேலை இருக்கிறது, இங்கேயே தங்கச் சொல்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே.

உன்
சின்னவன்

ஜனவரி 8

சின்னவனுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பாய் என்று உன் கட்டுரையிலேயே தெரிகிறது.

படித்தேன். என் கை அதில் நன்றாக வந்திருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், மூன்றாம் பத்தியைத் தவிர. அழுதாள். நல்லா எழுதறான் இல்ல என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஒன்று மட்டும் கேட்கலாமென்று தோன்றியது. விரல்கள் என்று எழுதியிருக்கிறாய். எந்த விரல்கள் என்று உனக்குத் தெரியாது. நீ கேட்கவே இல்லை. வந்து பார்க்கவும் இல்லை. உன்னுடைய விரல்களில் எதில் அந்த வேதனை இறங்கியது? சுண்டு விரலிலா, நடுவிரலிலா?

போகட்டும். வேலைக்குப் போகிறேனா என்று கேட்டாய். இப்போதைக்கு வீட்டில்தான்.

அக்கா

பிப்ரவரி 10

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பருவம் புதுப் பாடம். அறிக்கை எழுதுவது. நடத்துபவர் வேறொரு சார். இருபது வருடம் ஆஸ்பத்திரிகளில் விபத்து விசாரித்தவர். முதல் நாளே இரண்டு தாளைத் தூக்கிக் காட்டினார். "இது தன்னாய்வுக் கட்டுரை, இது அறிக்கை. ஒண்ணுல உன் மனசைத் தேடு. இன்னொண்ணுல உன் மனசு யாருக்கும் வேண்டாம். என்ன உடைஞ்சிருந்துச்சு, யாருக்குத் தெரியும், எப்பத் தெரியும், அது போதும். அறிக்கைய அங்க எழுதினா மார்க் போகும். கட்டுரைய இங்க எழுதினா ஆளு போயிடுவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். 

வகுப்பு முடிந்து அவரிடம் போனேன். என் நண்பனின் அக்காவுக்கு நடந்தது என்று சொன்னேன். அப்படித்தான் சொன்னேன், அக்கா. அவர் கேட்டுவிட்டு, "அந்த மூணு வரிதானப்பா அறிக்கை. மத்ததெல்லாம் ஒப்புதல் வாக்குமூலம். யாரு அடிச்சது அத?" என்றார். தெரியவில்லை என்றேன்.

அந்தத் தாளைத் திரும்ப வாங்க முடியுமா? வேலை என்ன ஆயிற்று, கை என்ன ஆயிற்று, எதையும் மறைக்காமல் எழுது. அறிக்கை எழுதும் முறையைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தேதி, இடம், நடந்தது, கண்டறிந்தவை, முடிவு, பரிந்துரை. உணர்ச்சி வேண்டாம், 'நான்' வேண்டாம். புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்துவிடலாம். இந்தத் தடவை சரியாகச் செய்வேன்.

சின்னவன்

மார்ச் 2

சின்னவனுக்கு,

நீ கேட்டபடி, நீ அனுப்பிய முறைப்படியே. நலம் விசாரிப்பதற்கு அதில் இடம் இல்லை, அதனால் விசாரிக்கவில்லை.

தேதி: போன வருடம் செப்டம்பர் 24, காலை பத்தேகால்.

இடம்: சலவை ஆலை, இரண்டாவது உருளை மெஷின், இடது முனை.

நடந்தது: விரிப்பின் ஓரம் மடங்கியது. மடிப்பை எடுக்கக் கை நீட்டப்பட்டது. காப்புக் கம்பி மேலே கட்டியிருந்ததால் மெஷின் நிற்கவில்லை. ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தியவள் வலது முனையில் நின்றவள். அதற்குள் வலது கையின் சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல் நசுங்கிவிட்டன. மறுநாள் ஆஸ்பத்திரியில் மூன்றும் முழுமையாக எடுக்கப்பட்டன. தம்பிக்குப் பரீட்சை என்பதால் 'கொஞ்சம் சூடு' என்று தெரிவிக்கப்பட்டது.

கண்டறிந்தவை: துணிக் கிழிசல் அன்று மதியமே அவிழ்க்கப்பட்டது. மறுநாள் விபத்தை விசாரிக்க வந்தவர்கள் பார்த்தபோது கம்பி கீழேதான் இருந்தது.

நவம்பர் மூன்றாம் தேதி வேலைநீக்கக் கடிதம் வந்தது. காரணம், 'ஆபத்து இருப்பதை அறிந்திருந்தும் தொடர்ந்து வேலை செய்ததாகவும், கவனம் பேச்சில் இருந்ததாகவும் தொழிலாளியே எழுதிக் கொடுத்திருக்கிறார்.' சிகிச்சையை ஆலை ஏற்கவில்லை. பேச்சுக் கொடுத்தவள் என்று வலது முனையில் நின்றவளுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். இப்போது பேசுவதில்லை. அவளை யாரும் ரேடியோ என்று கூப்பிடுவதும் இல்லை.

ஜனவரி 20, கொடுத்திருந்த மனு மீது தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. கம்பி கட்டியிருந்தது என்று சொல்லப்பட்டது. சாட்சிக்கு வலது முனையில் நின்றவள் வரவில்லை. அவள் மேல் குற்றம் இல்லை, அவளுக்கும் வீடு இருக்கிறது. "அப்படீன்னா இத ஏன் நீங்க எழுதிக் குடுத்ததுல சொல்லல?" என்று அதிகாரி கேட்டார். சொல்லியிருந்தோம் என்பதற்கு ஒரே ஆதாரம்தான் இருந்தது. பழைய தாள், நீ திருத்தி அனுப்பியது. அதைக் காட்டலாமா வேண்டாமா என்று விசாரணைக்கு முன் மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன். அங்கே வேறு வழி இல்லாமல் காட்டினேன். ('நான்' வந்துவிட்டது. மார்க்கைக் குறைத்துக்கொள்.)

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அடித்திருந்த மூன்று வரியையும் படித்தார். ஓரத்தில் இருந்ததையும் சத்தமாகவே படித்தார். இது தேவையில்லை. உன் பங்கு என்ன? பிறகு, "இது யாரு எழுத்து?" என்றார். "என் தம்பி. யூனிவர்சிட்டில படிக்கிறான்" என்று பதில் அளிக்கப்பட்டது. "உங்க சொந்தத் தம்பிக்கே இது தேவையில்லன்னு தோணியிருக்கேம்மா" என்றார். ஆலையின் வக்கீல் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார்.

அந்தத் தாளில் எழுத்து ரேடியோவுடையது. சிவப்பு உன்னுடையது. என்னுடையது என்று அதில் இருந்தது அந்த மூன்று வரி மட்டும்தான்.

முடிவு: பிப்ரவரி 14 அன்று மனு தள்ளுபடி. உன் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது. புதிதாக ஒன்று எழுதினாலும் இனி வாங்கிப் படிக்க யாரும் இல்லை. அம்மாவுக்கு விரல்கள் தெரியும், தாளைப் பற்றித் தெரியாது. அவளைப் பொறுத்தவரை நல்லா எழுதுகிற பையன் நீ, அப்படியே இரு. 'நண்பனின் அக்கா' நலமாக இருக்கிறாள் என்று உன் சாரிடம் சொல்லிவிடு.

பரிந்துரை: இந்த அறிக்கையில் எதையும் அடிக்க வேண்டாம்.

அக்கா